விரிகுடாவும் வளைகுடாவும்

மண்டபத்திலிருந்து ரயில் பாம்பன் பாலத்தில் ஏறினால், இடப்பக்க ஜன்னலில் பாக் விரிகுடா, வலப்பக்கத்தில் மன்னார் வளைகுடா. ஆங்கில வரைபடத்தில் முதலாவது ‘பே’, இரண்டாவது ‘கல்ஃப்’.

இரண்டும் நிலத்துக்குள் புகுந்த கடல்தான். வாய் அகன்றிருந்தால் ‘பே’. வாய் குறுகி, நிலத்துக்குள் நெடுந்தூரம் புகுந்தால் ‘கல்ஃப்’, அதுவே பெரியதாகவும் இருக்கும் என்பது பொதுவான விளக்கம்.

ராமேசுவரத்தில் இது தலைகீழ். பாக் விரிகுடாவைத்தான் வடக்கே பாக் நீரிணையும் தெற்கே ராமர் பாலத்து மணல்திட்டுகளும் நெருக்குகின்றன. மன்னார் வளைகுடாவோ தெற்கே இந்தியப் பெருங்கடலை நோக்கி அகலத் திறந்து கிடக்கிறது. பரப்பளவும் கைகொடுக்காது: வங்காள விரிகுடா, பாரசீக வளைகுடாவைவிடப் பல மடங்கு பெரியது. வரைபடத்தில் ஒருமுறை ஏறிய பெயர் அப்படியே நிலைத்துவிடுகிறது.

கரையோர மீனவர்கள் பிரித்த விதம் இன்னும் நுட்பமானது. அலை அடங்கிய வடகடல் அவர்களுக்குப் பெண்கடல். சீறும் தென்கடல் ஆண்கடல். காரணம் ஆழத்தில் இருக்கிறது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. மன்னார் வளைகுடா தெற்கே போகப்போக 1,000 மீட்டரையும் தாண்டும். அதன் கரையோர 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின.

ஆங்கிலத்தில் ‘கல்ஃப்’ என்ற சொல் கடலை மட்டுமல்ல, இரு தரப்புக்கு இடையிலான பெரும் பிளவையும் குறிக்கும். ‘பே’ அப்படி வராது, பேருந்து ஒதுங்கி நிற்கும் இடத்துக்கு வரும். மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள கீழக்கரையில் ஒருவர் கல்ஃபில் இருக்கிறார் என்றால் அது மன்னார் அல்ல, துபாய், கத்தார், குவைத்.