உழைச்செல்வானுக்கு உற்ற துணை

ஜாதவ்பூர் இரயில் நிலையத்தில் விடியற்காலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தெற்கே கானிங், பாருய்ப்பூர், சோனார்ப்பூர் முதலிய ஊர்களிலிருந்து வரும் வண்டிகள் பெண்களைக் கூட்டங்கூட்டமாக இறக்கிவிட்டுச் செல்லும். காய்கறிக் கூடை சுமப்பவர் சிலர்; வீட்டு வேலைக்குப் போகிறவர் பலர்; தோளில் ஒரு பையும், அதனுள் மாற்றுப் புடைவையும் சோற்றுப் பாத்திரமுமாக நடப்பவர் இன்னும் சிலர். கடைசியாகச் சொன்னவர்கள் மருத்துவமனைகளில் நோயாளிக்கு முகம் கழுவி, மலசலம் எடுத்து, இரவெல்லாம் கண்விழித்துக் காப்பவர்கள். 'ஆயா மாஸி' என்று இவ்வூரார் அவர்களை அழைக்கிறார்கள். மாஸி என்றால் தாயின் உடன்பிறந்தாள். நம் வழக்கில் சிற்றன்னை. கூலிக்கு வரும் பெண்ணுக்கும் உறவுப் பெயர் சூட்டுவது வங்காளத்தின் நல்ல பழக்கங்களுள் ஒன்று. அந்தப் பெயருக்கு ஏற்ற உறவு, 2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில், மருத்துவமனையில் உழைத்தவர்களுக்குக் கிடைத்ததா என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு, உழைச்செல்வான் என்று நான்காவதாக ஒருவனையும் வள்ளுவர் சேர்த்துக்கொண்டார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து பேணுபவன் உழைச்செல்வான். அவனுக்கு வேண்டிய குணங்களைப் பரிமேலழகர் தம் உரையில் எண்ணிச் சொல்கிறார்: நோயாளியிடம் அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வன்மை, அறிவு. நன்று. ஆனால் இவை யாவும் உடையவனாயினும் அவனும் ஊனும் உதிரமும் கொண்டவன்தானே? அவன் தளர்ந்தால் அவன் பக்கத்தில் செல்வான் யார்? உரையாசிரியர் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடன் நம் காலத்தவர் தலையில் விழுந்தது.

ஜாதவ்பூருக்கு இக்கேள்வி புதிதன்று. இங்கே ராஜா எஸ். சி. மல்லிக் சாலையில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறதல்லவா? அந்நிலத்தில் முன்னர் இருந்தது, டாக்டர் குமுத சங்கர் ராய் பெயரால் விளங்கிய காசநோய் மருத்துவமனை. வங்கத்தின் இளங்கவி சுகாந்த பட்டாசார்யர் 1947 மே 13 அன்று, இருபத்தொன்று நிரம்பு முன்னரே, அங்கேதான் கண்மூடினார். காசத்தை வெல்லும் மருந்துகள் எளிதில் கிட்டாத காலம் அது. சொந்த வீட்டாரே தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்து விலக்கிய நோயாளிகளுக்கு, நாள்தோறும் அருகிருந்து கஞ்சி கொடுத்த தாதியர் அங்கே இருந்தனர். அவர்களின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் நாம் கண்டதில்லை.

அச்சத்தை அறிவு எப்படித் தணிக்கிறது என்பதற்குச் சென்னை ஒரு சான்று தந்தது. அங்கே 1956 இல் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம், நோயாளிகளுள் ஒரு பகுதியினரை மருத்துவமனையிலும் மறுபகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. நெருக்கமான குடிசைகளில் இருந்தவர்களும் அநேகமாக மற்றவர்களைப் போலவே தேறினர். மருந்து உண்ணும் நோயாளி வீட்டில் இருந்ததால் உடன் வாழ்ந்தோருக்கு அபாயம் மிகுந்துவிடவும் இல்லை. 1959 இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. நோயாளியை ஊருக்குப் புறத்தே தள்ள வேண்டியதில்லை என்று மெய்ப்பித்த நகரத்தின் பிள்ளைகள் நாம். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் அதனை மறந்துபோனோம்.

2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாடு முழுவதும் மக்கள் மாடங்களில் நின்று மருத்துவப் பணியாளருக்காகக் கைதட்டினர். ஜாதவ்பூரிலும் சங்கு ஒலித்தது. நாமும் ஒரு தாம்பாளத்தைத் தட்டினோம். மறுவாரம் நடந்ததைச் சொல்ல நாணமாக இருக்கிறது. நாம் குடியிருந்த அடுக்ககத்தின் தரைத்தளத்தில், மணிப்பூரிலிருந்து வந்த இரண்டு செவிலியர் வாடகைக்கு இருந்தனர். மின்தூக்கியின் அருகே ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. மருத்துவமனையில் வேலை செய்வோர் மின்தூக்கியையும் மொட்டைமாடியின் துணிக்கொடியையும் பயன்படுத்தலாகாது என்று அதில் எழுதியிருந்தது. ஒட்டியவர் கெட்டவர் அல்லர். வீட்டில் எண்பது வயதுத் தாயை வைத்துக்கொண்டு அஞ்சியவர். நாம் அந்தக் காகிதத்தைப் படித்தோம். ஒன்றும் சொல்லாமல் படியேறிப் போனோம்.

அயலூரில் வாழ்வதன் தன்மை நமக்குத் தெரியாததன்று. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் மல்லிகைச் சரமும் கிடைப்பதை எத்தனை பெருமிதத்தோடு ஊருக்குக் கடிதத்தில் எழுதுகிறோம்! பாஷை புரியாத முதல் மாதத்தில், அடுத்த வீட்டு அம்மாள் 'கேமொன் ஆச்சேன்' என்று விசாரித்த ஒரு சொல்லை எத்தனை ஆண்டு நினைவில் வைத்திருக்கிறோம்! அதே அயலூர் வாழ்க்கை வாழ்ந்த இரு பெண்களுக்கு அந்த ஒரு சொல்லை நாம் கொடுக்கவில்லை. ஈரச் சீருடையை அவர்கள் சன்னல் கம்பியில் காயப்போட்டார்கள்.

அவ்வாண்டு மே மாத நடுவில், கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றிய மணிப்பூர்ச் செவிலியர் 185 பேர் வேலையை விட்டு ஊர் திரும்பினர். அவர்களைப் பின்தொடர்ந்து வேறு மாநிலத்தாரும் சென்றனர். பாதுகாப்புக் கருவிகளின் குறை, முகத்தோற்றத்தைச் சுட்டிய ஏளனம், அக்கம்பக்கத்தாரின் ஒதுக்கம், பெற்றோரின் கலக்கம் என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். கடமை தவறினார்கள் என்று அப்போது பேசியவர்கள் உண்டு. போருக்குப் போனவனை ஊரார் கல்லால் அடித்தால் அவன் எத்தனை நாள் நிற்பான்? நம் தரைத்தளத்து இருவரில் மூத்தவள் அந்தக் கூட்டத்தோடு போய்விட்டாள். இளையவள் தங்கினாள்.

நம் தாயகத்தில் மட்டும் வேறாக நடந்ததோ? 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அந்நோயால் மாண்டபோது, அவரை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் தடுத்தது. உடலை ஏற்றி வந்த வண்டி தாக்கப்பட்டது. இறுதியில் அவருடைய நண்பராகிய மருத்துவர் பிரதீப் குமார் தம் கையாலேயே மண்ணை இட்டுக் குழியை மூடினார். அதன்பின் சில நாட்களுக்குள், மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கும் அவசரச் சட்டத்தை மத்திய அரசு பிறப்பித்தது. சட்டம் கல்லைத் தடுக்கும். மின்தூக்கிக் காகிதத்தைத் தடுக்குமோ?

மனத்திண்மை என்பது பிறவியிலேயே சிலருக்கு வாய்த்த இரும்பு என்று எண்ணுவது எளிது. ஆராய்ந்தவர்கள் அவ்வாறு சொல்லவில்லை. 2003 இல் கானடாவின் டொரான்டோ நகரில் சார்ஸ் நோய் பரவியது. ஓராண்டு, ஈராண்டு கழித்து ஆராய்ச்சியாளர் அங்குள்ள மருத்துவமனைப் பணியாளரை, நோய் எட்டாத அண்டை ஊர்ப் பணியாளரோடு ஒப்பிட்டனர். நோய் போய்விட்டது, சோர்வும் மனவேதனையும் போகவில்லை. தமக்குத் தக்க பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் கிடைத்தன என்று உணர்ந்தவர்களிடமோ அவ்வேதனை குறைந்து காணப்பட்டது. ஆகவே திண்மையின் ஒரு பாதி அம்மனிதரிடம் இருக்கிறதென்றால், மறு பாதி அவரைச் சுற்றியுள்ளோர் கையில் இருக்கிறது.

சுற்றியுள்ளோர் என்றால் பெரிய ஏற்பாடுகளை எண்ண வேண்டா. முகக்கவசம், நேரத்தில் உணவு, இடையில் உறக்கம், வீடு திரும்ப வண்டி. 2020 மார்ச்சில் நின்றுபோன புறநகர் வண்டிகள் வங்காளத்தில் நவம்பர் 11 அன்றுதான் மீண்டும் பொதுமக்களுக்கு ஓடத் தொடங்கின. ஏழு மாதத்திற்கு மேல், கானிங் பக்கத்து ஆயா மாஸி எப்படி வந்தாள்? ஒருத்தி மருத்துவமனைத் தாழ்வாரத்திலேயே பாய் விரித்துக்கொண்டாள். இன்னொருத்தி வேலையை இழந்தாள். வயிற்றுப் பாட்டுக்கு வழியில்லாதவளிடம் மூச்சுப் பயிற்சியும் தியானமும் செய்யச் சொன்ன அறிவுரைத் தாள்களையும் அந்நாட்களில் கண்டோம். பசித்தவனுக்குப் பன்னீர் தெளித்த கதைதான்!

இன்னொரு காயமும் உண்டு. 2021 ஏப்ரல், மே மாதங்களில் பிராணவாயு பற்றாமற்போனபோது, ஒரு படுக்கைக்கு இருவர் காத்திருந்தனர். யாருக்குத் தருவது என்று முடிவு செய்தவர் பிழை ஏதும் செய்யவில்லை. எனினும் தாம் பிழை செய்ததாகவே அவர் மனம் சொல்லிக்கொண்டிருக்கும். உறக்கத்தால் தீரும் களைப்பு வேறு, மனச்சான்றில் விழும் இக்காயம் வேறு. இதற்கு மருந்து, அதே வேலை செய்யும் மற்றொருவர் அருகில் உட்கார்ந்து, 'நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்' என்று சொல்வது. மூத்த செவிலியர் முறைப்பணி முடிவில் இளையவரைக் கால் மணி நேரம் உட்காரவைத்துப் பேசவிட்டால் போதும் என்பது நம் எண்ணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 2021 மே வரை இந்நோயால் மாண்ட சுகாதாரப் பணியாளர் உலகில் சுமார் 1,15,000 பேர். உடன் வேலை செய்தவர் போன மறுநாளும் பணிக்கு வந்து நின்றவர்கள் அதனினும் எத்தனையோ மடங்கு.

2020 மே 20 இரவு ஆம்பன் புயல் வீசியது. ஜாதவ்பூரில் மரங்கள் சாய்ந்து மின்கம்பிகள் அறுந்தன. நம் தெருவில் சில நாட்கள் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் தரைத்தொட்டியிலிருந்து வாளி வாளியாக நீரை மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. இரவுப்பணி முடித்து, விழுந்த மரங்களைத் தாண்டி நடந்தே வந்த அந்த இளைய செவிலி, பையைக் கீழே வைத்துவிட்டு, கைகளைக் கழுவிக்கொண்டு வரிசையில் நின்றாள். எண்பது வயதுத் தாயின் வீட்டுக்குப் போன வாளிகளில் அவள் கை மாற்றிய வாளிகளும் இருந்தன. யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. மாலையில் அந்தத் தாயே கிண்ணத்தில் கிச்சடி அனுப்பினார். காகிதத்தை ஒட்டிய மகனே கொண்டுபோய்க் கொடுத்தார். கதவருகில் நின்று, 'இரவு முழுதும் விழித்திருந்தாயா?' என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் அழுதாள் என்று பின்னர் நம்மிடம் சொன்னார். அவர் மிகவும் கலங்கிப்போயிருந்தார்.

கொள்ளைநோய் தணிந்த பின்னும் இப்பேச்சு முடியவில்லை. 1899 இல் கல்கத்தாவைப் பிளேக் வாட்டியபோது ராதா கோவிந்த கர் என்னும் மருத்துவர் நோயாளிகளைத் தேடிச் சென்றார். சகோதரி நிவேதிதை தெருக்குப்பையை வாரினார். அந்த மருத்துவர் பெயர் தாங்கிய மருத்துவமனையில், 2024 ஆகஸ்ட் 9 அன்று, நெடும்பணியின் நடுவே ஓய்வுக்குச் சென்ற இளம்பெண் மருத்துவர் ஒருவர் கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 14 நள்ளிரவில் ஜாதவ்பூர் 8பி பேருந்து நிலையத்தில் பெண்கள் திரண்டு நின்றனர். தாழிட்டு உறங்க ஓர் அறை வேண்டும் என்பது அன்று எழுந்த கோரிக்கைகளுள் ஒன்று. மனத்திண்மையைப் பற்றி எவ்வளவு பேசினாலும், அந்த அறை இல்லையேல் பேச்சு அந்தரத்தில் நிற்கும்.

மனச்சுமை தாங்காதவர் பேசுவதற்கென்று மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று 'டெலி மானஸ்' என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416. இரவும் பகலும் பேசலாம். வங்காளியிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். நம் அடுக்ககத்தின் மின்தூக்கிக்கு அருகே, பழைய காகிதத்தின் பசைத்தழும்பு இன்னும் சுவரில் தெரிகிறது. அதன்மேல் இந்த எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறோம்.