கடைசி வருஷத்துக் கணக்கு

(மாதேஸ்வரன் மலையில் நடந்த அங்கத்தினர் குடும்ப சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

காரியதரிசி என்னை, "மலையோட மகிமையைப் பத்தி ஒரு கால் மணி பேசுங்கோ" என்றுதான் கேட்டுக்கொண்டார். அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். மேலும், நேற்று மைசூரிலிருந்து வேனில் வரும்போது எனக்கு முன் சீட்டில் இரண்டு தாயார்கள் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தது என் காதில் விழுந்தது. ஒருவர் பிள்ளைக்கு இது கடைசி வருஷம், மார்க் மிகவும் மோசம். "இனிமே ஏத்த முடியுமா, முடியாதா?" என்பதுதான் பேச்சு. அந்தக் கேள்விக்கு என்னிடம் கொஞ்சம் பதில் இருக்கிறது. காரியதரிசி மன்னிக்கவேண்டும்.

இந்த மலைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. இப்போது சாமராஜநகர் ஜில்லா என்கிறோம். அது 1997-ல் மைசூரிலிருந்து பிரிந்தது. அதற்கும் முன்னால், 1956 நவம்பர் 1-ந் தேதி வரை, இந்தக் கொள்ளேகாலம் தாலுகா நம் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. என் தகப்பனார் இந்தத் தாலுகாவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். தாலுகா மைசூர் ராஜ்யத்துக்குப் போனபோது அவர் ஈரோடு பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு அப்போது ஐந்து வயது. அதனால் நான் படித்ததெல்லாம் தமிழ் மீடியம்.

1967-ல் எஸ்.எஸ்.எல்.சி. நல்ல மார்க். ஒரு வருஷம் பி.யூ.சி. பிறகு 1968-ல் கோயம்புத்தூரில் பி.எஸ்ஸி. பௌதிகம். அன்று வரை 'ஒளிவிலகல்' என்று படித்தவனுக்கு, வகுப்பில் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷ். முதல் ஆறு மாதம் புரொபசர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போர்டில் இருப்பதைச் சித்திரம் வரைவதுபோல் நோட்டில் வரைந்துகொண்டேன். ஆத்துக்குப் போனால் அப்பா, "எப்படிடா படிப்பு?" என்பார். "நன்னா போறது" என்பேன். இரண்டாம் வருஷ முடிவில் ஆன்சிலரி கணிதத்தில் தோற்றுப் போனேன். அப்போதுதான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. அவர் திட்டவில்லை. இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை, அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒரு அதிர்ஷ்டம். அந்தக் காலத்துத் திட்டத்தில் மேஜர் பாடப் பரீட்சை முழுவதும் மூன்றாம் வருஷக் கடைசியில்தான். முதல் இரண்டு வருஷம் தூங்கினவனுக்கும் கடைசி வருஷத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. அந்த ஒரு வருஷம் நான் படித்ததுபோல் முன்பும் படித்ததில்லை, பின்பும் படித்ததில்லை. பழைய கேள்வித்தாள் பத்து வருஷத்துக்கு சேகரித்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். இங்கிலீஷில் எழுதிப் பழகினேன். ஆனால் ஒரு தப்பு செய்தேன். தியரி, தியரி என்று ஓடினவன் பிராக்டிகலைக் கவனிக்கவில்லை. ரெக்கார்ட் நோட்டு அரைகுறை. ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிசெய்யவே பரீட்சையில் முக்கால் மணி போயிற்று. முதல் வகுப்புக்கு 60 சதவீதம் வேண்டும். எனக்கு வந்தது 57. எம்.எஸ்ஸி. இடம் கிடைக்கவில்லை.

அதன் பிறகு அரசாங்க உத்தியோகம். கணக்குத் தணிக்கைத் துறையில் கிளார்க்காகச் சேர்ந்து, எஸ்.ஏ.எஸ். பரீட்சையை மூன்றாவது தடவையில் தேறி, அதிகாரியாக 2011-ல் ஓய்வு பெற்றேன். குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த மூன்று சதவீதம், பெரும்பாலும் பிராக்டிகலில் போனது, இந்த வயதிலும் எப்போதாவது ராத்திரி ஞாபகத்துக்கு வரும்.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு அந்தக் கதவு அப்படி இல்லை. எல்லாம் செமஸ்டர். ஒவ்வொரு செமஸ்டரும் கணக்கில் ஏறிவிடுகிறது. இது புரியாமல்தான் பெற்றோர்கள், "கடைசி வருஷம் நன்னா படிச்சு எல்லாத்தையும் சரி பண்ணிடுடா" என்கிறார்கள். பிள்ளையும் தலையாட்டுகிறான். இருவரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

போன வருஷம் இதே மலைக்கு என் பெண்ணின் பிள்ளையோடு வந்திருந்தேன். பெங்களூரில் என்ஜினீயரிங். ஆறு செமஸ்டர் முடிந்திருந்தது. அவன் அனுமதியோடுதான் சொல்கிறேன். தரிசனக் க்யூவில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். திடீரென்று, "தாத்தா, அம்மாகிட்ட சொல்லப்படாது" என்று ஆரம்பித்தான். இரண்டு அரியர். நான்கு செமஸ்டராக மார்க் ஷீட்டை ஆத்தில் காட்டவே இல்லை. 'வெப்சைட் வேலை செய்யலே' என்று சொல்லிச் சொல்லிக் காலம் தள்ளியிருக்கிறான். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. கோயம்புத்தூர் கடைசி பெஞ்சுதான் ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் சத்திரத்தில் உட்கார்ந்து பேப்பரும் பேனாவும் எடுத்தோம். அந்த இரண்டு அரியரையும் சுமாராகத் தேறுவான் என்று வைத்துக்கொண்டால், ஆறு செமஸ்டரின் சராசரி பத்துக்கு 5.7. எல்லா செமஸ்டருக்கும் கிரெடிட் சமம் என்று எளிமைக்காக எடுத்துக்கொள்வோம். ஆறு தடவை 5.7 என்றால் 34.2. மீதி இரண்டே செமஸ்டர். இரண்டிலும் பத்துக்குப் பத்து வாங்கினாலும் கூட்டுத்தொகை 54.2. எட்டால் வகுத்தால் 6.775. ஆக 7 என்பது பகவானே வந்தாலும் நடக்காது. 6.5 வேண்டுமானால் இரண்டு செமஸ்டரிலும் 8.9 வாங்கவேண்டும். 5.7 வாங்குகிற பையன் திடீரென்று 8.9 வாங்குவது லேசல்ல. ஆனால் 6.0-க்கு? இரண்டிலும் 6.9 போதும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள் பல 60 சதவீதம் அல்லது 6.0, அரியர் நிலுவை இல்லை என்றுதான் கேட்கின்றன. அப்படியானால் அவனுடைய இலக்கு 6.0. அதற்கு மேல் வந்தால் லாபம்.

அந்தப் பேப்பரைப் பார்த்ததும் பையன் முகத்தில் வந்த தெளிவை என்னால் மறக்க முடியாது. ஒரு வருஷமாக அவனை அழுத்தியது மார்க் அல்ல, எவ்வளவு வேண்டும் என்று தெரியாததுதான். மறுநாள் காலையில் அவனே தன் தாயாருக்கு போன் செய்து சொன்னான். பத்து நிமிஷம் அழுகை. பிறகு, "சரி, சாப்ட்டியா?" என்றாளாம்.

கணக்கு போட்டால் மட்டும் மார்க் வராது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அடுத்தபடியாக நாங்கள் செய்தது, பழைய விடைத்தாளை வாங்கிப் பார்த்தது. இதை அநேகம் பேர் செய்வதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. திருத்திய விடைத்தாளைப் பார்க்கப் பரீட்சை எழுதினவனுக்கு அந்தச் சட்டப்படி உரிமை உண்டு என்று 2011 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கு. பல பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் தருகின்றன. தோற்றுப்போன இரண்டு பேப்பருக்கும் நகல் வாங்கினான். திருத்தினவர் பேரில் தப்பு இருக்கும் என்று நம்பித்தான் வாங்கினான். தணிக்கைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டினவன் நான், கூட்டலை இரண்டு தடவை சரிபார்த்தேன். ஒரு மார்க் கூடப் பிசகில்லை. ஆனால் வேறொன்று தெரிந்தது. முதல் கேள்விக்கு ஏழு பக்கம் எழுதியிருக்கிறான். கடைசிக் கேள்வி பாதியில் நிற்கிறது. அதற்கு அடுத்தது தொடவே இல்லை. விஷயம் தெரியாமல் போன மார்க்கைவிட, நேரம் இல்லாமல் போன மார்க் அதிகம்.

படிக்கும் முறை பற்றி ஒன்று. நேற்று ராத்திரி கோயில் வாசலில் கம்சாளெக்காரர்கள் பாடினதைக் கேட்டிருப்பீர்கள். கையில் வெண்கலத் தாளம், மாதேஸ்வரர் புலியேறி எழுபத்தேழு மலையைச் சுற்றி வந்த கதை. எதிரே புஸ்தகம் கிடையாது. நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், சந்தை சொல்லி, பிறகு பார்க்காமல் சொல்லவேண்டும். இதையே 2006-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் பரிசோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாடத்தை ஒரு கூட்டத்தார் இரண்டாம் தடவை படித்தார்கள். இன்னொரு கூட்டத்தார் படிக்காமல், ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, எழுதிப் பார்த்தவர்கள் நன்றாக ஜெயித்தார்கள். நம் பிள்ளைகள் மஞ்சள் மையால் கோடு போட்டு மூன்று தடவை படிக்கிறார்கள். படித்த திருப்தி வருகிறது, பரீட்சைக் கூடத்தில் வரமாட்டேன் என்கிறது. புஸ்தகத்தை மூடி எழுதச் சொல்லுங்கள்.

கிரெடிட்டையும் பார்க்கவேண்டும். நான்கு கிரெடிட் பேப்பரும் ஒரு கிரெடிட் லேபும் கணக்கில் ஒன்றல்ல. கடைசி செமஸ்டரில் பிராஜெக்ட்டுக்குப் பெரும்பாலும் நிறைய கிரெடிட் இருக்கும். அதைக் காசு கொடுத்து வெளியில் வாங்கிவிடுகிற பழக்கம் இருப்பதாகக் கேள்வி. மார்க் அதிகம் கிடைக்கும் ஒரே இடத்தை அடுத்தவனிடம் ஒப்படைப்பது என்ன புத்திசாலித்தனமோ! இம்ப்ரூவ்மென்ட் எழுதலாமா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சில இடங்களில் தேறின பேப்பரைத் திரும்ப எழுதவே விடமாட்டார்கள். ஸீனியர் மாணவன் சொன்னான் என்று நம்பாமல், ரெகுலேஷன் புஸ்தகத்தை வாங்கிப் படியுங்கள்.

மார்க் குறைந்த பையனைத் தேற்ற, எல்லோரும் ராமானுஜனைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. கும்பகோணம் காலேஜில் 1905-ல் ஸ்காலர்ஷிப் போனது, பச்சையப்பன் காலேஜில் சேர்ந்தும் 1907-ல் எஃப்.ஏ. தேறவில்லை, எல்லாம் வாஸ்தவம். ஆனால் அவர் தோற்றதால் ராமானுஜன் ஆகவில்லை. அதன் பிறகு பட்ட கஷ்டம் கொஞ்சமா? 1916-ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மூலம்தான் பி.ஏ. கிடைத்தது. அந்த உதாரணம் லட்சத்தில் ஒருவனுக்கு. நமக்கு மைசூர்க்காரர் ஒருவர் பொருத்தம். ஆர்.கே. நாராயண். தகப்பனார் ஹெட்மாஸ்டர். பிள்ளை யூனிவர்சிட்டி நுழைவுப் பரீட்சையில் தோற்று ஒரு வருஷம் ஆத்தில் உட்கார்ந்தார். பிறகு மகாராஜா காலேஜில் பி.ஏ. முடிக்க, மற்றவர்களைவிட ஒரு வருஷம் கூடுதலாக, நான்கு வருஷம் ஆயிற்று. 1930-ல் முடித்தார். முடித்தார் என்பதுதான் விஷயம். 1937-ல் அவர் எழுதிய இரண்டாவது நாவலின் பெயரே 'தி பேச்சிலர் ஆஃப் ஆர்ட்ஸ்'.

ஏற்ற முடியாத மார்க்கும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சிவில் சர்வீஸ் பரீட்சைக்கு டிகிரி போதும், இத்தனை சதவீதம் என்று கிடையாது. கேட் பரீட்சையில் பெரும்பாலும் அந்த ஸ்கோருக்குத்தான் மதிப்பு. கடைசி வருஷத்தில் அரை புள்ளி ஏற்றுவதா, இப்படி ஒன்றுக்குத் தயார் செய்வதா என்பதை அவரவர் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

பேரன் கதை இன்னும் பாக்கி. அரியர் இரண்டும் நாங்கள் நினைத்த அளவிலேயே தேறின. ஏழாவது செமஸ்டரில் 7.4 வாங்கினான். 34.2-ம் 7.4-ம் 41.6. ஏழால் வகுத்தால் 5.94. "தாத்தா, 6-னு வெச்சுக்கலாமே?" என்றான். கம்பெனிக்காரன் வைத்துக்கொள்ள மாட்டான். எட்டாவதில் 6.4 வந்தால்தான் 6.0. பரீட்சை எழுதிவிட்டான், ரிசல்ட் இன்னும் வரவில்லை. இந்தத் தடவை முதல் கேள்விக்கு மூன்றரை பக்கம்தான் எழுதினானாம். பின்வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான்.

சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று என்று சைகை காட்டுகிறார்கள். வேனில் பேசிக்கொண்டு வந்த அந்த அம்மாள், பிள்ளையின் மார்க் ஷீட்டை போனிலாவது வரவழைத்து எடுத்து வரட்டும். 4 மணி வரை சத்திரத்து வராந்தாவில் இருப்பேன். பேப்பரும் பேனாவும் என்னிடம் உண்டு.