வகுப்பும் வார்டும்

கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே!

நம் பெண்பிள்ளைகள் நர்சிங் படிக்க, அல்ஹம்துலில்லாஹ், டிரஸ்ட் மூலம் கட்டணம் செலுத்துகிறோம். ஆனால் சில வீடுகளில், "வகுப்புக்குப் போகட்டும், நைட் டியூட்டி வேண்டாம்" என்கிறார்கள்.

இரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும் என்று புத்தகத்தில் படிக்கலாம். நள்ளிரவில் வியர்த்துக் கிடக்கும் நோயாளியைத் தொட்டுப் பார்த்ததுமே சர்க்கரையைச் சோதிக்கும் பழக்கம் வார்டில்தான் வரும்.

அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில்தான் சிகிச்சை நடந்தது. நம் பிள்ளைகள் கற்பது அந்தப் பணியைத்தான்.

பாதுகாப்பு, வாகன வசதி பற்றிக் கல்லூரியிடம் நாங்கள் பேசுகிறோம். நீங்கள் தயங்காமல் அனுப்புங்கள். வீடு திரும்பியதும், "படித்ததில் எதை இன்று நேரில் பார்த்தாய்?" என்று கேளுங்கள்.

அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.