டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரமும் நம் வீட்டு நேரமும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்னையிலிருந்து கோவைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு மணி பத்து நிமிடம் என்பீர்கள். டிக்கெட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். மீனம்பாக்கத்துக்கும் பீளமேட்டுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கிற ஜெட் விமானத்துக்கு அரை மணி போதுமே? டிக்கெட்டில் போடுவது, விமானம் இங்கே நகரத் தொடங்கியது முதல் அங்கே போய் நிற்கும் வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

ஆனால் அது விமானத்தின் நேரம். திருப்பாச்சூர்க்காரர்களின் நேரம் வேறு. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வந்தது. கோவையில் அக்கா தவறிவிட்டார். பிற்பகல் இரண்டு மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். பையன் 9.20 விமானத்துக்கு டிக்கெட் போட்டான். "ஒரு மணி நேரம்தாம்ப்பா, பதினொரு மணிக்கு அங்க இருப்பீங்க" என்றான். ஆறேகாலுக்குக் காரில் கிளம்பினேன். பூந்தமல்லியில் ஒரு நெரிசல், போரூரில் இன்னொன்று. உள்ளே போனபோது 8.25. கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்களாம். ஐந்து நிமிடம்! கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. அடுத்த விமானம் மதியத்துக்கு மேல்தான். போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

அரக்கோணம் போய்ப் பகல் ரயில் ஏறியிருந்தாலும் ஏழு மணி நேரம், இரண்டு மணியைத் தொட்டிருக்கும். ஆனால் "திருப்பூர் தாண்டிட்டேன் மாமா" என்று சொல்கிற தம்பிக்காகக் கொஞ்சம் பொறுத்திருப்பார்கள். எப்போது கிளம்புவோம் என்றே தெரியாதவனுக்காக எப்படிக் காத்திருப்பது? 2023 ஏப்ரலிலிருந்து வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் கோவை போகிறது. நம் திருவள்ளூர் வழியாகத்தான் ஓடுகிறது, நிற்பதில்லை. அந்த வயிற்றெரிச்சல் தனி.

நீங்கள் கணக்குப் போடும்போது வீட்டு வாசலிலிருந்து போடுங்கள். விமான நிலையம் போக இரண்டு மணி, அங்கே ஒன்றரை மணி, பறக்க ஒன்றேகால், இறங்கி வீடு சேர அரை மணி. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. காலை வேளையில் காரை நம்பாதீர்கள். திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறினால் ஒன்றேகால் மணியில் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோ, மாறாமலே விமான நிலையம். போனிலேயே செக்-இன் செய்துவிட்டுக் கைப்பையோடு போனால் கவுண்டர் பக்கமே போக வேண்டாம், நேரே பாதுகாப்புச் சோதனைதான். அன்று எனக்கு இது தெரியாது. தோளில் ஒரு பை, அவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

பரந்தூர் வந்தால் நமக்குப் பக்கம் என்கிறீர்கள். மீனம்பாக்கத்தைவிடப் பக்கம்தான். ஏகனாபுரத்துக்காரர்கள் தங்கள் வயலுக்காக 2022இலிருந்து போராடுகிறார்கள், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

திருவள்ளூரிலிருந்து புறப்படும் அதிகாலை மின்சார ரயில்களின் நேரத்தையும், அரக்கோணத்தில் நிற்கிற கோவை ரயில்களின் பட்டியலையும் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறேன்.