கூடிச் செய்த செயற்கைக்கோள்

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! இடி மாதிரி முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! சாரலையும் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருக்கிற மேலகரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

அறிவியல் வளர்வது தனி மேதையாலா, கூட்டு முயற்சியாலா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் எழுந்தாரு. ‘குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இந்த மேலகரத்துக்காரர். அவரு என்ன கமிட்டி போட்டா பாடினாரு?’ன்னு கேட்டாரு. நீங்களும் கை தட்டினீங்க. உள்ளூர்க்காரர் பேரைச் சொன்னா தட்டத்தானே செய்வீங்க! (சிரிப்பு)

ஒத்துக்கிறேன் ஐயா. கவிதைக்குக் கமிட்டி போட்டா கவிதை வராது, அறிக்கைதான் வரும். (கைதட்டல்) ஆனா அந்தக் குறவஞ்சியை ஆடிக் காட்டியவங்க எத்தனை பேர்? அதுக்குப் பரிசா நாயக்க மன்னர் கொடுத்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ன்னு பேர் வாங்கினதே, அதை உழுதவங்க எத்தனை பேர்? போகட்டும். கவிதையை விடுங்க. தலைப்பு அறிவியல்.

அடுத்து வந்த அம்மையார் சர். சி. வி. ராமனைக் கொண்டு வந்தாங்க. ‘தனி ஒருவர், 1930-லே நோபல் பரிசு’ன்னாங்க. அம்மா, 1928-லே ‘நேச்சர்’ இதழிலே அந்தக் கண்டுபிடிப்பைச் சொன்ன கட்டுரையிலே ரெண்டு பேர் இருக்கு. ஒண்ணு ராமன். இன்னொண்ணு கே. எஸ். கிருஷ்ணன். அவரு எந்த ஊர்? நம்ம ஊர் ரயில்லே ஏறினா ராஜபாளையம் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வருதுல்ல, அதுக்குப் பக்கத்திலே இருக்கிற வத்திராயிருப்பு! (கைதட்டல்) பாருங்க, இப்ப நமக்குத் தட்டுறாங்க.

ராமானுஜன்? சென்னைத் துறைமுகத்திலே 30 ரூபாய் குமாஸ்தா. 1913-லே சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அப்புறம் கேம்பிரிட்ஜிலே ஹார்டி. 200 என்கிற எண்ணை எத்தனை விதமாகக் கூறு போடலாம்னு ஒரு கணக்கு. ஹார்டியும் ராமானுஜனும் சூத்திரம் கண்டாங்க. சரியா, தப்பா? யார் பார்க்கிறது? மக்மஹோன்னு ஓய்வு பெற்ற ஒரு ராணுவ மேஜர், கையாலேயே 200 வரைக்கும் கணக்குப் போட்டு அட்டவணை கொடுத்தாரு. 200-க்கு மட்டும் ஏறத்தாழ நாலு லட்சம் கோடி வழிகள்! சூத்திரம் அதோடு ஒத்துப்போச்சு. ராமானுஜனுக்குச் சிலை வைக்கிறோம், சரி. மக்மஹோன் பேரு நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியுமா?

இப்ப தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வர்றேன். சென்னையிலே ஐ.ஐ.டி. 1959-லே வந்தது. யாரோடு கூட்டு? மேற்கு ஜெர்மனியோடு. பேராசிரியர்கள் வந்தாங்க, கருவிகள் வந்தன, பட்டறையிலே கைவேலை சொல்லித்தரத் தொழில்நுட்பப் பணியாளர்களும் வந்தாங்க. நம்ம ஆட்கள் அங்கே போய்ப் பயிற்சி எடுத்தாங்க. போருக்குப் பிறகு இடிபாட்டிலே இருந்து எழுந்த நாடும், விடுதலை வாங்கிப் பன்னிரண்டு வருஷமே ஆன நாடும் சேர்ந்து செய்த காரியம் அது.

என்னுடைய முக்கியமான சாட்சி அது இல்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-லே தொடங்கிய கல்லூரி, அப்துல் கலாம் படித்த கல்லூரி. பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அங்கே மாணவர்களும் ஆசிரியர்களும் இஸ்ரோவோடு சேர்ந்து ஒரு செயற்கைக்கோள் செய்தாங்க. பேரு அனுசாட். எடை 40 கிலோ, ஏறக்குறைய அரை மூட்டை நெல்லு! (சிரிப்பு) 2009 ஏப்ரல் 20-ஆம் தேதி, ஸ்ரீஹரிகோட்டா. பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டிலே 300 கிலோ ரிசாட்-2 பெரியண்ணன். பக்கத்திலே நம்ம சின்னத்தம்பி. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள் அது.

அது என்ன வேலை செய்யும்? நம்ம ஊர்த் தபால்காரர் வேலைதான். ஒரு ஊருக்கு மேலே போகும்போது செய்தியை வாங்கிப் பைக்குள்ளே வச்சுக்கும். சுற்றி வந்து இன்னொரு ஊருக்கு மேலே போகும்போது கொடுக்கும். சின்ன வேலைதானேன்னு எதிரணி சிரிக்கும். ஐயா, மேலே போன பிறகு ஒரு திருகு கழன்றா ஸ்பேனர் எடுத்துக்கிட்டு யார் போறது? குலுக்கிப் பார்க்கணும், சூட்டிலே வைக்கணும், குளிர்லே வைக்கணும், காற்றில்லாத அறையிலே வைக்கணும். இத்தனை சோதனைக்கும் வேண்டிய கூடம் ஒரு கல்லூரியிலே இருக்குமா? இஸ்ரோவிலே இருக்கு. இருபது வயசுப் பையன் ஒருத்தனுக்கு அந்தக் கதவு திறந்ததே, அதுதான் கூட்டு முயற்சி!

நீங்க தினம் குளிக்கிற பேரருவியை எடுத்துக்குங்க. மலைமேலேயிருந்து வர்ற தண்ணி நேரா நம்ம தலையிலே விழுந்தா என்ன ஆகும்? நடுவிலே பொங்குமாங்கடல்னு ஒரு பள்ளம் இருக்கு. தண்ணி முதல்லே அதிலே விழுந்து, வேகம் தணிஞ்சு, பொங்கி வழிஞ்சு வருது. அதனாலே குழந்தையும் குளிக்கலாம், கிழவரும் குளிக்கலாம். ராக்கெட் அறிவியலுக்குப் பல்கலைக்கழகம்தாங்க பொங்குமாங்கடல். (பலத்த கைதட்டல்)

கூட்டு முயற்சின்னா எல்லாம் நியாயமா நடக்குதுன்னு நான் சொல்லலை. ராத்திரி பகலா சோதனை செய்வது மாணவன்; கட்டுரையிலே முதல் பேரு வேறு யாருடையதோ! சில இடங்கள்லே ஒப்பந்தத்திலே கையெழுத்துப் போடுறாங்க, போட்டோ எடுக்கிறாங்க, பொன்னாடை போர்த்துறாங்க. பொன்னாடையோடு கூட்டு முடிஞ்சு போச்சு! வாங்கின கருவி உறை பிரிக்காமலே இருக்கும். பையன் தொட்டா கெட்டுப்போகுமாம். கெடட்டுமே! பையன் கையிலே கெடாத கருவி எந்தக் கருவி? நாங்க தமிழ்த்துறைக்காரங்க, அகராதி ஒண்ணை வச்சுக்கிட்டு மூலையிலே உட்கார்ந்தே டாக்டர் பட்டம் வாங்கிடலாம். பொறியியல் மாணவன் அப்படி வாங்க முடியுமா?

நடுவர் மணியிலே கை வைக்கிறாரு. ஒண்ணே ஒண்ணு. அனுசாட் 2012-லே வளிமண்டலத்துக்குள்ளே விழுந்து எரிஞ்சுபோச்சு. அப்ப கூட்டு முயற்சி சாம்பலாச்சேன்னு எதிரணியிலே அடுத்து வர்றவர் கேட்பாரு, நானே கேட்டுடுறேன். எரிஞ்சது 40 கிலோ. அதைத் திருகு திருகா மாட்டிப் பழகின கைகள் எரியலையே! 2024 மே 30-ஆம் தேதி, சென்னை ஐ.ஐ.டி.யிலே வளர்ந்த அக்னிகுல் நிறுவனத்துப் பிள்ளைங்க சொந்த ராக்கெட்டையே ஸ்ரீஹரிகோட்டாவிலே பறக்கவிட்டாங்க. அந்த ஏவுதளத்துக்கு இடம் கொடுத்தது இஸ்ரோ.

(மணி ஒலிக்கிறது)

அடிச்சுட்டாரு. தீர்ப்பு எழுதுறப்போ வத்திராயிருப்பையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க ஐயா.