கூடத்தில் உட்காரட்டும் உங்கள் தம்பி



சேலத்தில் இரண்டு சகோதரிகள். மூத்தவர் வானவன் மாதேவி, இளையவர் இயல் இசை வல்லபி. இருவரையும் பிடித்தது ஒரே நோய், தசைச் சிதைவு. நடந்த கால்கள் மெல்ல மெல்ல ஓய்ந்தன. சக்கர நாற்காலி வந்தது.

அக்காவுக்கு வந்தது தங்கைக்கும் வந்தால் ஒரு வீடு என்ன பாடுபடும்! அந்தப் பெண்களோ நோயை ஒளிக்கவில்லை. ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கித் தங்களைப் போன்றவர்களுக்கு இயன்முறைப் பயிற்சிக்கு வழிசெய்தார்கள். 'நம்பிக்கை மனுஷிகள்' என்ற ஆவணப்படம் அவர்களைப் பற்றியதுதான். 2017 ஜனவரியில் அக்கா மறைந்தார். தங்கை பணியைத் தொடர்ந்தார்.

பலமனேரில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நோயாளித் தம்பி பின்கட்டுக்குப் போகிறான். அவனுக்காக வேலூர் சி.எம்.சி., திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனைகள், நாட்டு வைத்தியர் என்று அலைகிறோம். வைத்தியம் பார்ப்பது கடமை. ஆனால் "குணமாகட்டும், அப்புறம் பள்ளிக்கூடம்" என்று தள்ளிப்போடுவதில் அவன் படிப்பு போய்விடுகிறதே!

தசைச் சிதைவு யார் செய்த பாவமும் அல்ல. தசைக்கு வேண்டிய புரதத்தை உருவாக்கும் மரபணுவில் நேர்ந்த மாற்றம் அது. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. மூட்டுகள் இறுகிப்போகாமல் காக்கப் பயிற்சி உதவும்.

வானவன் மாதேவி மறைந்த மூன்றாம் மாதம், 2017 ஏப்ரலில், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் ஏற்ற குறைபாடுகள் 7 வகை, இதில் 21. தசைச் சிதைவு, தலசீமியா, ஹீமோபிலியா, பார்க்கின்சன் என நாள்பட்ட நோய்கள் பெயர் சொல்லியே இடம்பெற்றன.

இவற்றுள் சில வெளியே தெரியாது. இரத்த நோயான தலசீமியா உள்ள தங்கை பார்க்க நன்றாகத்தான் இருப்பாள். "முடியவில்லை" என்று அவள் சொன்னால் முதலில் நம்ப வேண்டியவர் கூடப்பிறந்தவர்தான்.

ஆந்திர அரசு 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6,000 ரூபாய் தருகிறது; முற்றிலும் முடங்கியவர்களுக்கு 15,000. அதற்குச் 'சதரம்' என்ற மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டும். அந்தக் காகிதம் குடும்பத்துக்கு இழுக்கு என்று நினைக்கும் அண்ணன்மாரே, அது உங்கள் தம்பியின் உரிமைச் சீட்டு!

அடுத்த முறை விருந்தினர் வரும்போது அவனைக் கூடத்தில் உட்கார வையுங்கள். "இவன் என் தம்பி, இவனுக்கு இன்ன நோய், இவன் மாற்றுத்திறனாளி" என்று குரல் தாழாமல் சொல்லுங்கள். இந்த வாரமே உங்கள் ஊர்ச் சச்சிவாலய அலுவலகத்தில் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்கள்.