சோடா இயந்திரமும் ஆக்கிரமிப்பு நிலமும்

(தமிழ்த் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடைக்கு வரும் சரக்கு, தன்னை உருவாக்கிய உழைப்பை மறைத்துக்கொண்டே வருகிறது என்று மார்க்ஸ் கற்பித்தார். அந்த உழைப்பு எந்த நிலத்தில் நடந்தது என்பதையும் அது சொல்வதில்லை. சோடாஸ்ட்ரீம் என்னும் வீட்டுச் சோடா இயந்திரத்தின் நூற்றாண்டு கடந்த வரலாறு இதற்குத் தக்க சான்று.

நீரில் கரியமில வாயுவை அழுத்திக் கரைத்தால் சோடா கிடைக்கும். 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பீர் ஆலையின் தொட்டிகளுக்கு மேல் திரண்டிருந்த வாயுவை நீரில் கலந்து பார்த்தார் ஜோசப் பிரீஸ்ட்லி. 1903-இல் லண்டனின் கில்பி ஜின் வடிசாலையைச் சேர்ந்த கை கில்பி, வீட்டிலேயே சோடா தயாரிக்கும் கருவியை உருவாக்கினார். அது முதலில் சென்றது அரண்மனைக்கும் செல்வர் மாளிகைகளுக்கும்தான். 1955-இல் வந்த சிறிய வடிவம் சாதாரண இல்லங்களை நோக்கி நகர்ந்தது. 1970-களிலும் 80-களிலும் பிரிட்டனின் சமையலறைகளில் அது பரவலாயிற்று. நிறுவனம் பல கைகள் மாறி, 1985-இல் கேட்பரி ஷ்வெப்ஸ் வசமும், 1998-இல் இஸ்ரேலின் சோடா கிளப் வசமும் சென்றது.

இந்த வணிகத்தின் இலாபம் எங்கே பிறக்கிறது? இயந்திரத்தை ஒருவர் ஒருமுறைதான் வாங்குவார். வாயுவோ தீர்ந்துகொண்டே இருக்கும். நம் வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டரைப் போல, காலியானதைக் கொடுத்து நிரம்பியதைப் பெற வேண்டும். ஜெர்மனியில் அந்தச் சிலிண்டரை வாடகைக்கு மட்டுமே தந்து, பிறரிடம் நிரப்பிக்கொள்ளக் கூடாதென்று நிறுவனம் தடுத்தது. இது சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என 2006-இல் அந்நாட்டின் போட்டிக் கண்காணிப்பு அமைப்பு முடிவு செய்தது. 2008-இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. நுகர்வோரைப் பிணைத்த கயிறு இது. தொழிலாளரைப் பிணைத்த கயிறு இன்னும் கொடிது.

நிறுவனத்தின் முதன்மையான ஆலை மேற்குக் கரையில், மிஷோர் அதுமிம் தொழிற்பேட்டையில் இருந்தது. அது மாலே அதுமிம் குடியேற்றத்தைச் சார்ந்தது. 1967 முதல் இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள நிலம். ஆக்கிரமித்த நிலத்தில் தன் குடிமக்களைக் குடியமர்த்துவதை 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை தடை செய்கிறது. இக்குடியேற்றங்கள் சட்டவிரோதமானவை என்று 2004-இல் பன்னாட்டு நீதிமன்றம் கருத்துரைத்தது. இந்நிறுவனத்தின் பொருள்கள் தொடர்பான வழக்கிலேயே, மேற்குக் கரையில் தயாரானவை இஸ்ரேலியப் பொருள்களுக்குரிய சுங்கச் சலுகையைப் பெற இயலாது என 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ‘குடியேற்றம்’ என்பது நம் மொழியில் தீங்கற்ற சொல். பிழைப்புத் தேடிச் சென்றோரையும் அகதிகளையும் பற்றிப் பேசும்போது அதையே ஆள்கிறோம். பிறர் நிலத்தைப் படைபலத்தால் கைப்பற்றி எழுப்பும் ஊருக்கும் அதே சொல்லைச் சூட்டினால், குற்றம் சொல்லுக்குள் கரைந்துவிடும். ஆகவே ‘ஆக்கிரமிப்புக் குடியேற்றம்’ என்றே எழுதுவோம்.

2005-இல் பாலஸ்தீனக் குடிமைச் சமூக அமைப்புகள் இஸ்ரேலைப் புறக்கணிக்குமாறு உலகை அழைத்தன. சோடாஸ்ட்ரீம் அந்த இயக்கத்தின் முதன்மை இலக்குகளுள் ஒன்றாயிற்று. 2014-இல் அதன் விளம்பரத்தில் தோன்றிய நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சன், ஆக்ஸ்பாம் அமைப்பின் தூதர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு அக்டோபரில் மேற்குக் கரை ஆலையை மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. வணிகக் காரணமே என்றது. 2015-இல் உற்பத்தி நெகேவ் பகுதிக்கு, ரஹத் நகரின் அருகே மாறியது. பெடூயின் மக்களை ஓரிடத்தில் குவிப்பதற்கு இஸ்ரேலிய அரசு உருவாக்கிய நகரங்களுள் ரஹத்தும் ஒன்று.

இப்போது கடினமான வினாவுக்கு வருவோம். அந்த ஆலையில் ஏறத்தாழ 500 பாலஸ்தீனர்கள் வேலை செய்தனர். சுற்றுப்புறத்தைவிடக் கூடுதல் ஊதியம் பெற்றனர். ‘புறக்கணிப்புதான் அவர்கள் வயிற்றில் அடித்தது’ என்று நிறுவனத்தின் தரப்பினர் கூறினர். இதைக் கேட்டதும் நாம் பேச்சை மாற்றக் கூடாது. 500 குடும்பங்களின் அடுப்பு நமக்குச் சிறிய செய்தியன்று.

ஆனால் நிகழ்ந்ததைப் பாருங்கள். புதிய ஆலைக்குச் செல்ல 74 பாலஸ்தீனர்களுக்கே அனுமதி கிடைத்தது. 2016 பிப்ரவரி இறுதியில் அரசு அதையும் நீட்டிக்க மறுத்தது. ஆலை இருந்தது, வேலை இருந்தது, கைத்திறன் இருந்தது. இல்லாதது அனுமதிச் சீட்டு ஒன்றுதான். அந்தச் சீட்டு தொழிலாளியின் கையிலும் இல்லை, புறக்கணிப்பாளரின் கையிலும் இல்லை. ஆக்கிரமிப்பு அரசின் கையில் இருந்தது. தன் மண்ணில் உழவும் தொழில் நடத்தவும் தடைகளைச் சந்திக்கும் மனிதன், அந்த மண்ணின் மேல் எழுந்த ஆலையின் வாயிலில் கூலிக்கு நிற்கிறான். அந்தக் கூலி நல்ல கூலியாகவே இருக்கட்டும். வாக்குரிமையும் நில உரிமையும் மறுக்கப்பட்டவனின் கூலி, ஒரு கையெழுத்தில் பறிபோகும் கூலி.

2018-இல் பெப்சிகோ இந்நிறுவனத்தை 320 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அந்த விலை பங்குதாரருக்கு உரியது. அனுமதியின்றி வீடு திரும்பிய தொழிலாளியின் பெயர் எந்தக் கணக்கேட்டிலும் இல்லை.

தோழர்களே, ‘வேலை கொடுத்தோம்’ என்பது காலனியத்தின் பழைய வாதம். தோட்டமும் சுரங்கமும் அமைத்தவர்கள் அதைத்தான் சொன்னார்கள். கிளைகளில் பாலஸ்தீனம் பற்றிப் பேசும்போது இந்த வாதத்தை யாரேனும் எழுப்பினால், தவிர்க்காமல் எதிர்கொள்ளுங்கள். வேலை இழந்தோரின் துயரை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, அந்த வேலையின் சாவி யாரிடம் இருந்தது என்று கேளுங்கள்.